யார் கையில் கொடுப்பது?

1945-ல் குடும்பப் படி மசோதா பிரிட்டிஷ் நாடாளுமன்றத்துக்கு வந்தபோது, அப்படியொரு சட்டத்துக்காகக் கால் நூற்றாண்டுக்கும் மேலாக மன்றாடிவந்த எலினார் ராத்போன், அதை எதிர்த்தே வாக்களிப்பேன் என்றார். இரண்டாவது குழந்தையிலிருந்து ஒவ்வொரு பிள்ளைக்கும் வாரம் 5 ஷில்லிங் என்றது மசோதா. தகராறு அதில் இல்லை. அந்தப் பணம் சட்டப்படி தந்தைக்கு உரியது என்று ஒரு வரி இருந்தது, அதில்தான். பிள்ளையை வளர்ப்பவள் ஒருத்தி, படி வாங்குபவர் இன்னொருவரா என்று அவர் பிடித்த பிடியில் அரசு இறங்கிவந்தது. கட்சிக் கட்டளை இல்லாமல் உறுப்பினர்கள் தம் விருப்பப்படி வாக்களித்தார்கள். பணம் தாய்க்கு என்று மாறியது. 1946 ஆகஸ்டில் முதல் பட்டுவாடா நடந்தபோது ராத்போன் உயிரோடு இல்லை. அந்த ஜனவரியிலேயே இறந்துவிட்டார்.

வீட்டுக்குள் நுழையும் பணம் யார் கை வழியாக நுழைகிறது என்பது அவருக்குச் சந்தேகத்துக்கு இடமில்லாத விஷயம். பொருளியல் துறைக்கோ அது ஒரு கேள்வியாகத் தோன்றவே இன்னும் பல பத்தாண்டுகள் பிடித்தன. குடும்பத்தைப் பொருளியலின் வாசலுக்குள் அழைத்துவந்த கேரி பெக்கர் (1992-ல் நோபல் பெற்றவர்) வரைந்த சித்திரத்தில், வீட்டுக்கு ஒரு தலைவர் இருக்கிறார். எல்லாருடைய நலனும் அவர் மனத்தில் இருக்கிறது. தன்னலக்காரப் பிள்ளைகூட, தலைவரின் கை தாராளமாக இருக்கும்வரை, மொத்த வருமானம் பெருகும்படியே நடந்துகொள்கிறது. அப்படியானால் குடும்பம் ஒரே மனம், ஒரே பணப்பை. கணவனிடம் ஆயிரம் ரூபாய் கொடுத்தாலும் மனைவியிடம் கொடுத்தாலும் அடுப்பில் வேகும் சோறு ஒன்றுதான்.

கணக்குப் போட வசதியான கருத்து இது. இன்றும் நம் வறுமைக் கணக்கு இந்த வசதியில்தான் ஓடுகிறது. கணக்கெடுக்க வருபவர் வீட்டின் மொத்தச் செலவைக் கேட்டு, தலைக்கு இவ்வளவு என்று வகுத்துக்கொண்டு போகிறார். கடைசியாகச் சாப்பிட உட்கார்பவளுக்குப் பானையில் என்ன மிஞ்சியது என்ற கட்டம் அந்தப் படிவத்தில் கிடையாது. வீட்டுக்குள் ஒத்துழைப்பும் மோதலும் ஒன்றாகவே நடக்கின்றன என்று அமர்த்தியா சென் 1990-ல் எழுதினார். யாருடைய உழைப்பு உழைப்பாகக் கண்ணில் படுகிறதோ அவர் பங்கு கூடுகிறது என்பது அவர் வாதத்தின் உயிர்நாடி.

கடுகு டப்பாவிலும் புடவை மடிப்பிலும் பணத்தைப் பதுக்கிவைத்துக் குடும்பம் நடத்திய சமூகத்துக்கு இதைச் சொல்ல ஆய்வு வேண்டுமா என்று கேட்கலாம். வேண்டும் என்றே நினைக்கிறேன். பதுக்குகிறார்கள் என்பது எல்லாருக்கும் தெரியும். பதுக்க வேண்டிய அவசியம் போனால் எது எவ்வளவு மாறும் என்பது யாருக்கும் தெரியாது. அரசு கோடிகளைச் செலவிடுவது அந்த ‘எவ்வளவு’ மேல்தான்.

முதலில் பெயர்பெற்ற சோதனை மறுபடியும் பிரிட்டனிலிருந்தே வந்தது. அங்கே பிள்ளைகளை முன்னிட்டுத் தந்தைமாருக்கு வரிச்சலுகை இருந்தது. அதை எடுத்துவிட்டு, முழுத் தொகையையும் தாய்க்குக் குழந்தைப் படியாகத் தருவது என்று 1975-ல் சட்டம் வந்தது. சம்பளக் கவரில் விழும் பணம் குறைந்தால் தொழிலாளிகள் பொறுப்பார்களா என்ற பயத்தில் கேலகன் அமைச்சரவை அதைத் தள்ளிப்போடப் பார்த்தது. அமைச்சரவைக் குறிப்புகள் கசிந்து, 1976 ஜூனில் குழந்தை வறுமை ஒழிப்பு இயக்கத்தின் ஃபிராங்க் ஃபீல்ட் அவற்றை ஒரு வார இதழில் அம்பலப்படுத்திய பிறகு, 1977-லிருந்து 1979-க்குள் படிப்படியாக மாற்றம் நடந்தது. ஆணின் சட்டைப்பையிலிருந்து பெண்ணின் கைப்பைக்கு ஒரு பெரும் தொகை இடம்மாறியது. பெக்கர் சரியென்றால், செலவில் எதுவும் மாறியிருக்கக் கூடாது.

ஷெல்லி லுண்ட்பெர்க், ராபர்ட் போலக், டெரன்ஸ் வேல்ஸ் மூவரும் 1997-ல் வெளியிட்ட ஆய்வில் துணிச் செலவைப் பார்த்தார்கள். துணியைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் எளியது: யார் உடுத்துவது என்று பிரித்துச் சொல்லக்கூடிய செலவு வீட்டில் ஏறக்குறைய அது ஒன்றுதான். ஆண்கள் துணியோடு ஒப்பிட்டால், பெண்கள் துணிக்கும் பிள்ளைகள் துணிக்கும் ஆன செலவு கூடியிருந்தது. கொள்கை வகுப்போர் உலகெங்கும் இதைக் கையில் எடுத்துக்கொண்டார்கள். ஆனால் 2005-ல் ஜூலி ஹாட்ச்கிஸ் ஒரு முள்ளைக் கிள்ளிப்போட்டார். பிள்ளையே இல்லாத, எந்தப் படியும் வாங்காத தம்பதிகளிடமும் அதே காலத்தில் பெண்கள் துணிச் செலவு கூடியிருந்தது. பெண்கள் வேலைக்குப் போனது, நாகரிகம் மாறியது என எதுவும் காரணமாக இருந்திருக்கலாமே? பிறகு ஜெனிஃபர் வார்ட்-பாட்ஸ் வீடுவாரியான தரவை எடுத்து, பிள்ளைகள் துணி கூடியதையும் ஆண்கள் புகையிலை குறைந்ததையும் காட்டி, மூவர் முடிவுக்குப் பெரும்பாலும் வலுச் சேர்த்தார். முதல் ஆய்வை மட்டும் மேடையில் சொல்பவர்கள் இந்த இழுபறியைச் சொல்வதில்லை.

ஆப்பிரிக்க வயல்களில் சான்று இன்னும் கறாரானது. புர்கினா ஃபாசோவில் கணவனுக்குத் தனித் துண்டு நிலம், மனைவிக்குத் தனித் துண்டு நிலம் என்று உழுவது வழக்கம். ஹைதராபாத்துக்கு அருகே பட்டன்செருவில் தலைமையகம் கொண்ட பயிர் ஆய்வு நிறுவனமான இக்ரிசாட் அங்கே திரட்டிய தரவை வைத்து, கிறிஸ்டபர் உட்ரி 1996-ல் ஓர் ஒப்பீடு செய்தார். ஒரே வீடு, ஒரே பயிர், ஒரே ஆண்டு. மனைவியின் துண்டில் விளைச்சல் கணிசமாகக் குறைவு. மண் மட்டம் என்பதால் இல்லை. தொழு உரம் ஏறக்குறைய முழுவதும் கணவனின் துண்டுக்குப் போயிருந்தது, ஆள் உழைப்பும் அங்கேதான் கூடுதல். அள்ளிக் கொட்டிய இடத்தில் மேலும் ஒரு கூடை உரம் போட்டால் பெரிதாக ஒன்றும் விளையாது. வறண்ட பக்கத்துத் துண்டில் போட்டால் விளையும். உரத்தையும் உழைப்பையும் சரியாகப் பங்கிடாததால் வீட்டின் மொத்த விளைச்சலில் சுமார் 6 சதவீதம் வீணாகிறது என்று அவர் கணக்கிட்டார். வீட்டின் ஒட்டுமொத்த வருமானத்துக்காகத்தான் எல்லாரும் நடந்துகொள்கிறார்கள் என்ற கோட்பாட்டுக்கு, என் பார்வையில், இதைவிட நேரான அடி விழவில்லை.

அடுத்தது தென்னாப்பிரிக்கா. இனவெறி ஆட்சி முடியும் தறுவாயில், 1990-களின் தொடக்கத்தில், வெள்ளையருக்கு இருந்த முதியோர் ஓய்வூதியம் கறுப்பின முதியோருக்கும் முழு அளவில் நீட்டிக்கப்பட்டது. அப்போது பெண்ணுக்கு 60 வயது, ஆணுக்கு 65. தொகை சிறியதல்ல, கிராமப்புறக் கறுப்பினக் குடும்பங்களின் இடைநிலைத் தலா வருமானத்தைப்போல் ஏறத்தாழ இரு மடங்கு. பாட்டிக்கு வந்த ஓய்வூதியம் அதே வீட்டில் வளர்ந்த சிறு பெண்குழந்தைகளின் உயரத்திலும் எடையிலும் தெரிந்ததாக எஸ்தர் டுஃப்லோ 2003-ல் காட்டினார். ஆண்குழந்தைகளிடம் அந்த அளவு மாற்றம் இல்லை. தாத்தாவுக்கு வந்த ஓய்வூதியத்தாலோ பேத்திகளிடமும் அப்படியொரு மாற்றம் இல்லை. முதியோருக்கென்று கொடுத்த பணம் குழந்தையின் தராசில் ஏறியது; ஆனால் எந்த முதியவர் வாங்கினார் என்பதைப் பொறுத்து.

இதே ஓய்வூதியத்தின் மேல் எழுந்த இன்னொரு சர்ச்சை எனக்கு அதைவிடச் சுவையானது. மரியான் பெர்ட்ராண்ட், செந்தில் முல்லைநாதன், டக்ளஸ் மில்லர் மூவரும் அதே ஆண்டு, வீட்டில் ஒரு முதியவர் ஓய்வூதியம் வாங்கத் தொடங்கியதும் வேலைபார்க்கும் வயதுள்ள ஆண்கள் குறைவாக வேலைபார்க்கிறார்கள் என்றும், வாங்குபவர் பெண்ணாக இருந்தால் அந்தக் குறைவு அதிகம் என்றும் எழுதினார்கள். ‘அம்மா பணத்தில் உட்கார்ந்து சாப்பிடும் மகன்’ என்ற பழைய குற்றச்சாட்டுக்குச் சான்று கிடைத்துவிட்டதுபோல் இருந்தது. 2009-ல் கேலி ஆர்டிங்டன், ஆன் கேஸ், விக்டோரியா ஹோஸ்கூட் ஆகியோர் க்வாசூலு-நடாலில் அதே குடும்பங்களை ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்த தரவைப் பார்த்தபோது கதை தலைகீழானது. ஓய்வூதியம் வந்ததும் சிலர் வேலை தேடி ஊரைவிட்டுப் போயிருந்தார்கள். பயணச் செலவுக்குக் காசு கிடைத்தது, பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளப் பாட்டியும் இருந்தாள். முதல் ஆய்வின் கணக்கில் வீட்டில் தங்கியிருப்பவர்கள் மட்டுமே உண்டு. வேலைக்குப் போனவன் ‘வீட்டு உறுப்பினர்’ பட்டியலிலிருந்தே நழுவிவிட்டான். குடும்பம் என்று யாரைக் கணக்கில் எடுக்கிறோம் என்பதில் ஒரு திட்டத்தின் பெயரே கெட்டுப்போகலாம்.

இந்தச் சான்றுகளின் பலத்தில் ‘பணத்தை அம்மாவிடம் கொடு’ என்பது கொள்கை உலகின் வேதவாக்கானது. மெக்சிகோ 1997-ல் தொடங்கிய ப்ரோக்ரெசா திட்டம் தாய்மாருக்கே பணம் கொடுத்தது. ஆனால் எல்லாத் தாய்மாருக்கும் கொடுத்து, எந்தத் தந்தைக்கும் கொடுக்காவிட்டால், பலன் பணத்தால் வந்ததா, தாயால் வந்ததா என்று பிரிக்க முடியாது. பிரித்துப் பார்க்க வேண்டுமானால் குலுக்கல் முறையில் சில ஊர்களில் தாய்க்கும் சில ஊர்களில் தந்தைக்கும் கொடுக்க வேண்டும். மொராக்கோவில் அதைச் செய்தார்கள். தைசீர் என்ற அந்தத் திட்டத்தில் தொகை சிறியது. பிள்ளைகளின் படிப்புக்கான உதவி என்று பெயரிட்டு, பள்ளித் தலைமையாசிரியர் வழியாகவே பதிவு நடந்தது. பிள்ளைகள் பள்ளியைவிட்டு நிற்பது பெருமளவு குறைந்தது. ஆனால் வாங்கியவர் தாயா தந்தையா என்பதால் வேறுபாடு ஏதும் இல்லை. பள்ளிக்கு வந்தால்தான் பணம் என்ற நிபந்தனையாலும் கூடுதல் பலன் இல்லை. ‘இது படிப்புக்கு’ என்று பெயர் சொல்லிக் கொடுத்ததே போதுமானதாக இருந்தது. மேற்குக் கென்யாவில் யோஹானஸ் ஹௌஷோஃபர், ஜெரமி ஷபீரோ இருவரும் நடத்திய ஆய்விலும் பெரும்பாலான அளவைகளில் கணவன்-மனைவி வேறுபாடு தெரியவில்லை. புர்கினா ஃபாசோவில் நடந்த ஒரு சோதனையில், மழை பொய்த்த ஆண்டுகளில் தந்தையிடம் கொடுத்த பணமே குழந்தைகளின் ஆரோக்கியத்துக்கு உதவியது என்றுகூடத் தெரியவந்தது.

டுஃப்லோ சொன்னது பொய்யாகிவிட்டதா? மொராக்கோ ஆய்வின் ஆசிரியர்களில் அவரும் ஒருவர்! நான் புரிந்துகொள்ளும் விதம் இது: ரசீதில் யார் பெயர் இருக்கிறது என்பது வலுவில்லாத நெம்புகோல். மாலைக்குள் அந்த நோட்டு யார் கைக்குப் போய்ச்சேர்கிறது, அதைத் தர மறுத்தால் அவளுக்கு என்ன நேரும் என்பவை வலுவானவை.

இதற்கு நல்ல சாட்சி மத்தியப் பிரதேசத்தின் வட மாவட்டங்களிலிருந்து வருகிறது. நூறு நாள் வேலைக்குப் போன பெண்ணின் கூலி பல வீடுகளில் கணவனின் வங்கிக் கணக்கில்தான் விழுந்துகொண்டிருந்தது. எரிகா ஃபீல்ட், ரோஹிணி பாண்டே முதலான ஐவர், ஊராட்சிகளைக் குலுக்கலில் பிரித்தார்கள். சில இடங்களில் பெண்ணுக்குக் கணக்கு மட்டும் திறந்து கொடுக்கப்பட்டது. சில இடங்களில் கணக்கோடு, அதை எப்படிப் பயன்படுத்துவது என்ற பயிற்சியும் உண்டு. சில இடங்களில் கூலியே நேராக அந்தக் கணக்குக்கு வந்தது. கணக்கு மட்டும் வாங்கியவர்களோடு ஒப்பிட்டால், கூலியும் நேராக வந்து பயிற்சியும் பெற்றவர்கள் வேலைக்குப் போவது கூடியது, நூறு நாள் வேலைக்கு வெளியிலும்கூட. அதுவரை வேலைக்கே போகாத, வீட்டில் கட்டுப்பாடு கடுமையான பெண்களிடம்தான் மாற்றம் அதிகம். பெண் வேலைக்குப் போகலாமா என்பது பற்றிய கருத்தும் இளகியது. 2021-ல் வெளியான இந்த ஆய்வில் கூலி ஒரு பைசா கூடவில்லை. போய்ச்சேரும் இடம் மட்டுமே மாறியது.

மறுத்தால் என்ன நேரும் என்பதற்கும் ஓர் அளவு உண்டு. திருவனந்தபுரம் மாவட்டத்தில் பிரதீப் பாண்டா, பீனா அகர்வால் இருவரும் செய்த ஆய்வில், தன் பெயரில் நிலமோ வீடோ இல்லாத பெண்களில் 49 சதவீதத்தினர் கணவனிடம் அடிவாங்கியிருந்தார்கள். இரண்டும் உள்ளவர்களில் அது 7 சதவீதம். சொத்துள்ள குடும்பத்துப் பெண்களுக்கு வேறு பாதுகாப்புகளும் இருந்திருக்கும்; எல்லாவற்றையும் பத்திரத்தின் கணக்கில் எழுத முடியாது. இருந்தாலும் அவ்வளவு பெரிய இடைவெளியைக் கண்டுகொள்ளாமல் கடக்கவும் முடியாது. மகள்களுக்குப் பூர்வீகச் சொத்தில் சம பங்கு தரும் திருத்தத்தைத் தமிழ்நாடு 1989-லேயே கொண்டுவந்தது, நாடு முழுமைக்கும் அது வர 2005 ஆனது. இருந்தும் சார்பதிவாளர் அலுவலக வாசலில் அண்ணன்-தம்பிகளுக்கு விடுதலைப் பத்திரம் எழுதிக்கொடுத்துவிட்டுத் திரும்பும் அக்கா-தங்கைகளை நாம் பார்த்துக்கொண்டேதான் இருக்கிறோம்.

2023 செப்டம்பர் 15 அன்று காஞ்சிபுரத்தில் தொடங்கிவைக்கப்பட்ட கலைஞர் மகளிர் உரிமைத் தொகையை இந்தப் பின்னணியில்தான் பார்க்க வேண்டும். சுமார் 1.06 கோடிப் பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் என்று அது தொடங்கியது. மேற்கு வங்கம், கர்நாடகம், மத்தியப் பிரதேசம், மகாராஷ்டிரம் என்று இப்போது இது இந்தியாவின் பொது வழக்கமாகவே ஆகிவிட்டது. தமிழ்நாட்டுத் திட்டத்தில் எனக்குப் பிடித்தது அதன் நியாயம். இந்தியாவின் 2019 நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், கூலியில்லா வீட்டுவேலை செய்யும் பெண்கள் அதற்கு நாளொன்றுக்குச் செலவிட்ட நேரம் சராசரியாக 299 நிமிடம். செய்யும் ஆண்கள் 97 நிமிடம். அந்த உழைப்புக்கான அங்கீகாரம் என்று அரசு சொன்னது. ‘பெண்ணிடம் கொடுத்தால் பிள்ளைக்குச் செலவழிப்பாள்’ என்பதைவிட இது நேர்மையான காரணம். அந்த வாதத்தில் பெண் ஒரு நல்ல குழாய், அவ்வளவுதான். அவள் தனக்கென்று ஒரு ஜோடிச் செருப்பு வாங்கினால் திட்டம் தோற்றதாகிவிடும். மொராக்கோ முடிவைப்போல் நாளைக்கு ஒன்று இங்கே வந்தால், அந்த வாதத்தை நம்பி நிற்கும் திட்டத்துக்கு ஆதரவு சரிந்துவிடும். உரிமை என்று கொடுத்ததற்கு அந்த ஆபத்து இல்லை.

நடைமுறையிலோ சிக்கல்கள் உண்டு. ஒரு ரேஷன் கார்டுக்கு ஒரு பெண் என்பது விதி. கார்டில் மாமியார் குடும்பத் தலைவி என்றால் பணம் மாமியாருக்கு. நான்கு பேர் சாப்பிடும் வீட்டில் சமைக்கும் மருமகளின் 299 நிமிடம் அங்கே எந்தக் கணக்கிலும் வராது. உத்தரப் பிரதேசத்தின் ஜௌன்பூர் மாவட்டத்தில் எஸ். அனுக்ரிதியும் சக ஆய்வாளர்களும் 2018-ல் திரட்டிய தரவு, மாமியாரோடு வாழும் இளம்பெண்களுக்கு ஊரில் மனம்விட்டுப் பேச ஆள் குறைவு என்று காட்டியது. தமிழ்நாடு ஜௌன்பூர் இல்லை என்பது சரி. ஆனால் ‘பெண்’ என்று பொதுவாகச் சொல்லி வீட்டுக்குள் இருக்கும் இரண்டு பெண்களை ஒருவராக்கிவிடுவது பெக்கர் செய்த பிழையின் சிறு வடிவம். வங்கிக் கணக்கும் முழுப் பாதுகாப்பு தரவில்லை. முதல் மாதமே, குறைந்தபட்ச இருப்பு இல்லை என்று சில வங்கிகள் அந்த ஆயிரத்தில் கைவைத்ததாகப் புகார் எழுந்து, நிதியமைச்சர் தங்கம் தென்னரசு கண்டிக்க வேண்டிவந்தது.

ரொக்கம் கொடுத்தால் அது டாஸ்மாக்குக்குப் போகும் என்பவர்களுக்குப் பதில் உண்டு. டேவிட் எவான்ஸ், அன்னா போப்போவா இருவரும் 19 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில், ரொக்க உதவியால் மது, புகையிலைச் செலவு பொதுவாகக் கூடவில்லை. அதற்காக மதுவை மறந்துவிடவும் முடியாது. சென்னையில் 229 சைக்கிள் ரிக்‌ஷா ஓட்டுநர்களிடம் ஃபிராங்க் ஷில்பாக் மூன்று வாரம் ஒரு சோதனை நடத்தினார். அவர்கள் தினமும் ஆய்வு அலுவலகத்துக்கு வந்து, மூச்சுச் சோதனைக் கருவியில் ஊதி, விருப்பம்போல் பணம் சேமிக்கலாம். ஒரு பிரிவினருக்கு எப்படி வந்தாலும் 90 ரூபாய். இன்னொரு பிரிவினருக்குக் குடித்துவிட்டு வந்தால் 60, குடிக்காமல் வந்தால் 120. பகலில் குடிக்காமல் இருந்தவர்கள் கூடினார்கள். வருமானம் மாறாமலே சேமிப்பு ஏறத்தாழ 50 சதவீதம் உயர்ந்தது. குடிக்காமலிருக்கத் தூண்டும் ஏற்பாடு தங்களுக்கு வேண்டும் என்று பாதிக்கு மேற்பட்டவர்கள் தாமாகவே கேட்டார்கள். சில்லறை மது விற்பனையை 2003 முதல் தன் கையில் வைத்திருக்கும் அரசுக்கு, 2023-24-ல் டாஸ்மாக் வழியாகக் கிடைத்த வருவாய் 45,000 கோடி ரூபாய்க்கு மேல். 1.06 கோடிப் பெண்களுக்கு ஆண்டுக்கு 12,000 ரூபாய் என்றால் சுமார் 12,700 கோடி. எந்த வீட்டிலிருந்து எது போகிறது, எது வருகிறது என்று வீடுவாரியாகக் கூட்டிக் கழித்துப் பார்க்க யாருக்கும் இதுவரை மனம் வரவில்லை.

பணமா பொருளா என்ற கேள்விக்கும் ஒரு வார்த்தை. பள்ளியில் சாப்பிட்டுவிட்டால் வீட்டில் அந்தப் பிள்ளையின் தட்டைக் குறைத்துவிடுவார்கள் என்று ஒரு பயம் உண்டு. மத்தியப் பிரதேசத்தில் மதிய உணவை ஆராய்ந்த ஃபர்சானா அஃப்ரிடி, பள்ளியில் போட்ட சத்தில் 49 முதல் 100 சதவீதம்வரை பிள்ளைக்கே நிகரமாகச் சேர்ந்தது என்று காட்டினார். தட்டில் போட்ட சோற்றுக்கு வீட்டுக்குள் பங்காளிகள் குறைவு. பிள்ளையின் ஊட்டம்தான் குறி என்றால் காலை உணவுத் திட்டத்தை விரிவாக்குவதே நேர்வழி. உரிமைத் தொகையை அந்த வேலைக்கு இழுக்க வேண்டியதில்லை.

உரிமைத் தொகையால் வீட்டுக்குள் என்ன மாறியது என்பதை எப்படி அளப்பது? மெக்சிகோவில் ப்ரோக்ரெசாவை வடிவமைத்தவர்கள் 506 ஊர்களைத் தேர்ந்து, 320-ல் முதலிலும் 186-ல் பிறகும் திட்டத்தைக் கொண்டுவந்தார்கள். அந்த ஒப்பீட்டில் கிடைத்த சான்று இருந்ததால், ஆட்சி மாறியும் பெயர் மாறியும் திட்டம் 2019 வரை தாக்குப்பிடித்தது. தமிழ்நாட்டில் ஒரே நாளில் மாநிலம் முழுக்கத் தொடங்கியாயிற்று. குலுக்கலுக்கு இனி வழியில்லை. ஆனால் 2023 விதிகளிலேயே ஒரு வழி ஒளிந்திருக்கிறது. ஆண்டுக்கு 3,600 யூனிட்டுக்கு மேல் மின்சாரம் எரித்த வீட்டுக்குத் தொகை இல்லை. 3,550 யூனிட் எரித்த வீடும் 3,650 யூனிட் எரித்த வீடும் ஒரே தெருவில், ஒரே நிலையில் இருப்பவை. ஒன்றுக்குப் பணம் வந்தது, மற்றதுக்கு வரவில்லை. மின்வாரியத்தின் பில்லும் அங்கன்வாடியின் எடைப் பதிவேடும் அரசிடமே இருக்கின்றன. கோட்டுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சில ஆயிரம் வீடுகளுக்கு ஆளனுப்பி, ஏடிஎம் கார்டு யாரிடம் இருக்கிறது, பின் நம்பர் யாருக்குத் தெரியும், போன மாதம் பணம் எடுக்கப் போனது யார் என்ற மூன்று கேள்விகளையும் சேர்த்துக் கேட்டுவிட்டால், உலகில் வேறெங்கும் இல்லாத அளவில் ஒரு பதில் கிடைக்கும்.